பரிவர்த்தனை தோற்றால் முதலில் சீட்டைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். வேறு பலருக்கும் வரும் சிக்கல் இது என்பதால், கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

சுங்கை சிப்புட் பக்கம் உங்கள் மாமா, சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்குகிறார். லாரி தராசில் ஏறி இறங்கியதும் எடைச்சீட்டு போடுகிறார். கல்லூரியின் கடைசிப் பருவத்துக்கு நீங்கள் அந்தச் சீட்டையே ஒரு ஸ்மார்ட் ஒப்பந்தமாக, அதாவது எத்தீரியம் பிளாக்செயினில் தானே ஓடும் நிரலாக, சாலிடிட்டி மொழியில் எழுதியிருக்கிறீர்கள். சீட்டு எண், எடை, கழிவு, டன் விலை ஆகியவற்றைக் கொடுத்தால் அது பதிந்துகொண்டு, மாமாவின் கணக்கிலிருந்து பணத்துக்குப் பதிலாகச் சோதனை டோக்கனை எடுத்துத் தோட்டக்காரர் கணக்குக்கு மாற்ற வேண்டும். உலாவியிலேயே எழுதிச் சோதிக்கும் ரீமிக்ஸுக்குள் ஓட்டியபோது எல்லாம் சரியாக நடந்தது. எத்தீரியத்தின் செப்போலியா சோதனை வலையில் ஏற்றியதும் தகராறு. கேஸை, அதாவது ஓட்டுவதற்கு ஆகும் கூலியின் அளவை, மதிப்பிட முடியவில்லை என்று பணப்பைச் செயலியான மெட்டாமாஸ்க் எச்சரிக்கிறது. மீறி அனுப்பினால் தோல்வி. கேஸ் வரம்பை 300,000-லிருந்து 500,000, பிறகு 1,000,000 என்று ஏற்றிப் பார்த்தீர்கள், பலனில்லை. நடுவில் ஒருமுறை "பணம் போதவில்லை" என்றது. கடைசியாக அனுப்பியவை இரண்டு நாளாகத் தொங்குகின்றன. "கோடில் எங்கே தப்பு அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோடை இப்போதைக்குத் திறக்காதீர்கள்.

எங்கள் அப்பா பால் மரம் வெட்டியவர். வாளியில் பாலைச் சுமந்து போய் ஸ்டோரில் கொடுத்தால் கிராணி (தோட்டக் கணக்கர்) நிறுப்பார், மெட்ரோலாக் கருவியைப் பாலில் விட்டு ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். பாலின் எடைக்குக் கூலி கிடையாது, அதில் இருக்கும் காய்ந்த ரப்பருக்குத்தான். மழை பெய்த நாளில் வாளி நிறைந்திருந்தும் காசு குறையும். அப்பா கோபத்தோடு லயத்து வீட்டுக்கு வந்து கிராணியைத் திட்டுவார். பாட்டி பதிலே பேசமாட்டார். "சீட்ட எடு முதல்ல" என்பார். எடை குறைவா, ரப்பர் அளவு குறைவா, எழுதும்போது எண் மாறிவிட்டதா என்று மூன்று கட்டத்தையும் பார்த்த பிறகுதான் சண்டை போடலாமா வேண்டாமா என்ற பேச்சே எழும். பாட்டிக்குத் தமிழ் எழுத்து தடுமாறும், ஆனால் எண் தெரியும்.

தோற்ற பரிவர்த்தனைக்கும் அப்படி ஒரு சீட்டு உண்டு. நீங்கள் எனக்கு அனுப்பியது மெட்டாமாஸ்க்கின் சிவப்பு எழுத்தை மட்டும்தான். அந்த எழுத்தில் பாதிச் சேதி கூட இருக்காது. பரிவர்த்தனையின் அடையாள எண்ணான ஹாஷைக் கேட்டு வாங்கி, வலையின் பதிவுகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தில் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

முதலில் பரிவர்த்தனை எந்த இடத்தில் நின்றது என்று தெரிய வேண்டும். மூன்று இடங்கள்தான் உண்டு. ஒன்று, வலைக்குள் போவதற்கு முன்பே வாசலில் திருப்பி அனுப்பப்படுவது. இரண்டு, உள்ளே போயும் பிளாக்கில், அதாவது பதிவேட்டின் பக்கத்தில், ஏறாமல் வரிசையில் காத்திருப்பது. மூன்று, பிளாக்கில் ஏறி, ஓடி, பாதியில் தோற்பது. மூன்றாவதில் மட்டும்தான் கேஸ் செலவாகும், மூன்றாவதற்கு மட்டும்தான் சீட்டு இருக்கும். உங்களுக்கு இந்த மூன்றுமே நடந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தப்பு என்று நினைத்ததால்தான் இரண்டு நாள் போனது.

வாசலில் திரும்பியதை முதலில் பார்த்துவிடலாம், சின்ன விஷயம். "பணம் போதவில்லை" என்றது டோக்கனைப் பற்றி இல்லை. பரிவர்த்தனையை ஏற்கும் முன் நோடு, அதாவது வலையை நடத்தும் கணினி, ஒரு கணக்குப் போடும்: கேஸ் வரம்பு, ஒரு கேஸுக்கு நீங்கள் தரச் சம்மதித்த உச்ச விலை, இரண்டையும் பெருக்கி, அனுப்பும் ஈதரையும் (எத்தீரியத்தின் நாணயம்) கூட்டிப் பார்க்கும். அவ்வளவு ஈதர் உங்கள் கணக்கில் இருந்தாக வேண்டும். உண்மையில் செலவாவது குறைவாக இருந்தாலும் முன்பணம் போல அது காட்டப்பட வேண்டும். நீங்கள் வரம்பை 1,000,000 ஆக்கியதும் அந்தத் தொகை மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது, உங்களிடம் அப்போது இருந்த சோதனை ஈதர் அதற்கு எட்டவில்லை. வரம்பை ஏற்றியதால் வந்த புதுத் தவறு அது, பழையதோடு அதற்குச் சம்பந்தமில்லை.

இனி அந்த மெட்டாமாஸ்க் எச்சரிக்கை. கேஸை மதிப்பிட முடியவில்லை என்றால் கேஸில் ஏதோ கோளாறு என்று எல்லாருமே நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. அனுப்பும் முன் உங்கள் பரிவர்த்தனையை நோடு ஒருமுறை ஒத்திகை ஓட்டிப் பார்க்கிறது. ஒத்திகையிலேயே ஒப்பந்தம் "முடியாது" என்று திருப்பிவிட்டதால் எவ்வளவு கேஸ் ஆகும் என்று சொல்ல வழியில்லை. அதைத்தான் அந்த வாசகம் சொல்கிறது. கையால் ஒரு வரம்பை எழுதி மீறி அனுப்பினால், தோற்கும் என்று தெரிந்ததையே காசு கொடுத்து ஓட்டுகிறீர்கள். நிஜப் பணம் புழங்கும் மெயின் நெட்டில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். சோதனை வலையில் ஒரே ஒரு தடவை செய்யலாம், தடயம் பதிவாகி எல்லாரும் பார்க்கும்படி இருக்கும் என்பதற்காக.

சரி, சீட்டுக்கு வருவோம். அதில் நிலை என்று ஒரு கட்டம் இருக்கும், 1 என்றால் வெற்றி, 0 என்றால் தோல்வி. இந்தக் கட்டம் தொடக்கத்திலிருந்தே இருந்தது இல்லை. 2017 அக்டோபரில் எத்தீரியத்தில் பைசாண்டியம் மேம்பாடு வந்தபோதுதான் வந்தது. செய்ததை அழித்துவிட்டு நிறுத்தும் ரிவர்ட் என்ற கட்டளையும் அதோடுதான் வந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒப்பந்தம் மறுத்தால் கொடுத்த கேஸ் முழுவதும் போய்விடும், காரணமும் திரும்பி வராது. இப்போது ரிவர்ட் ஆனால் அதுவரை ஓடியதற்கு மட்டும் கூலி, மிச்சம் திரும்பும், கூடவே சில பைட்டுகளில் காரணமும் வரும். அந்தக் காலத்தில் எழுதப்பட்ட பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் பலர் இன்னும் "தோற்றால் கேஸைக் கூட்டு" என்கிறார்கள்.

அடுத்த கட்டம்தான் எனக்கு முக்கியம்: வரம்பு எவ்வளவு, செலவானது எவ்வளவு. உங்கள் மூன்று தோல்விகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். வரம்பு 300,000, செலவு 78,412. வரம்பு 500,000, செலவு 78,412. வரம்பு 1,000,000, செலவு மறுபடியும் அதே 78,412. கேஸ் தீர்ந்து தோற்றிருந்தால் செலவு வரம்பை முட்டியிருக்கும். இங்கே முட்டவில்லை. மூன்று தடவையும் ஓர் எண் கூட மாறாமல் நிற்கிறது என்றால், ஒப்பந்தம் ஒரே வழியில் ஓடி, ஒரே இடத்தில், ஒரே காரணத்துக்காக மறுத்திருக்கிறது. இந்த ஒரு எண் போதும், வரம்பைத் தொட வேண்டியதே இல்லை என்று சொல்ல.

அந்த 78,412-ஐ இன்னும் கொஞ்சம் கிளறலாம். எந்தப் பரிவர்த்தனைக்கும் அடிப்படைக் கூலி 21,000. சேமிப்பில் வெறுமையாக இருந்த இடத்தில் முதன்முதலாக ஒரு மதிப்பை எழுத, அந்த இடத்தைத் தொடும் கூலியும் சேர்த்து 22,100. உங்கள் ஒப்பந்தம் சீட்டு எண்ணைப் பதிகிறது, எடையைப் பதிகிறது, ஆக 44,200. கூட்டினால் 65,200. மிச்சம் பதின்மூவாயிரம் சொச்சம், உள்ளே அனுப்பிய தரவுக்கும் இன்னொரு ஒப்பந்தத்தை அழைத்ததற்கும் போயிருக்கும். அப்படியானால் உங்கள் ஒப்பந்தம் தன் பங்கு வேலையை முடித்துவிட்டு, டோக்கன் ஒப்பந்தத்தின் கதவைத் தட்டியபோதுதான் விழுந்திருக்கிறது. கோடைத் திறக்காமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் பாருங்கள். தோற்றதால் அந்த இரண்டு பதிவும் அழிந்துவிட்டன, ஆனால் அவற்றை எழுதிய கூலி திரும்பாது.

ஓர் எச்சரிக்கை மட்டும் இங்கே. செலவு வரம்பை முட்டவில்லை என்றால் கேஸ் தீரவே இல்லை என்று எப்போதும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஓர் ஒப்பந்தம் இன்னொன்றை அழைக்கும்போது தன் கையில் இருக்கும் கேஸில் 64-இல் 63 பங்குக்கு மேல் கொடுக்க முடியாது, 2016-இலிருந்து இந்த விதி. உள்ளே போனது கேஸ் தீர்ந்து விழுந்தால், வெளியே இருப்பது மிச்சமிருக்கும் ஒரு பங்கை வைத்து நாகரிகமாக ரிவர்ட் செய்யும். சீட்டில் பார்த்தால் வரம்பில் 98 சதவீதம் செலவாகியிருக்கும், கேஸ் தீர்ந்தது என்ற சொல்லே இருக்காது. அதனால் வரம்பை நெருங்கி நின்றால் சந்தேகப்படுங்கள். உங்களுடையது எட்டு சதவீதம் கூட இல்லை, 1,000,000-இல்.

இப்போது காரணம். ரிவர்ட் ஆகும்போது திரும்பி வரும் பைட்டுகளைப் பார்க்க வேண்டும். முதல் நான்கு பைட்டுகள் தவறின் வகையைச் சொல்லும் முத்திரை. நிபந்தனையைச் சோதிக்கும் ரெக்வயருக்குள் நீங்கள் எழுதிய வாசகம் வந்தால் முத்திரை 08சி379ஏ0 என்று இருக்கும், அதன் பிறகு வாசகம் வரும், பெரும்பாலான கருவிகள் தானே படித்துக் காட்டிவிடும். 4இ487பி71 என்று இருந்தால் அது பேனிக். சாலிடிட்டி தானாகவே நிறுத்தியது என்று பொருள், பின்னால் ஒரு எண் வரும். பதினாறடிமானத்தில் 11 என்றால் கூட்டல் கழித்தல் எல்லை மீறியது, 12 என்றால் பூஜ்யத்தால் வகுத்தது, 32 என்றால் பட்டியலில் இல்லாத இடத்தைத் தொட்டது. இந்த மூன்றை நினைவில் வைத்தால் போதும். உங்கள் ஒப்பந்தத்தில் 11 ஒருநாள் நிச்சயம் வரும். எடையிலிருந்து காய்க்குலைக் கழிவைக் கழிக்கிறீர்கள் அல்லவா, யாராவது கழிவுக் கட்டத்தில் தவறாகக் கூட ஒரு பூஜ்யம் அடித்து எடையை விடப் பெரிதாக்கிவிட்டால் விடை மைனஸ் ஆகும், குறியில்லா எண்ணுக்கு மைனஸ் கிடையாது. சாலிடிட்டி 0.8-இலிருந்து அது பேனிக் ஆகி நிற்கும். அதற்கு முந்திய பதிப்புகளில் நிற்காமல் மிகப் பெரிய எண்ணாகச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

உங்களுக்கு வந்தது இந்த இரண்டும் இல்லை. எஃப்பி8எஃப்41பி2 என்று தொடங்கி, மொத்தம் 100 பைட்டுகள். உங்கள் இணையப் பக்கம் பயன்படுத்தும் ஈதர்ஸ் நூலகம் இதைத்தான் "அறியாத கஸ்டம் எரர்" என்று உங்களுக்குக் காட்டியது. அறியாதது அல்ல, உங்கள் இணையப் பக்கத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஒப்பந்தம் எழுதுபவரே பெயர் வைக்கும் கஸ்டம் எரர் சாலிடிட்டி 0.8.4-இல், 2021-இல் வந்தது. முத்திரை என்பது அந்த எரரின் பெயரையும் உள்ளே வரும் வகைகளையும் சேர்த்து கெச்சாக் முறையில் சுருக்கி ஹாஷ் எடுத்து, முதல் நான்கு பைட்டை வெட்டி வைப்பது. தயார் ஒப்பந்தத் தொகுப்பான ஓப்பன்செப்பிலினின் ஐந்தாம் பதிப்பு டோக்கனில் இந்த முத்திரைக்கு உரியது, "கொடுத்த அனுமதி போதவில்லை" என்ற எரர். மிச்சமுள்ள 96 பைட்டுகளை 32, 32 ஆகப் பிரித்தால் மூன்று கட்டங்கள்: அனுமதி யாருக்கு வேண்டும், இப்போது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு தேவை.

உங்கள் பைட்டுகளை அப்படிப் பிரித்தேன். முதல் கட்டத்தில் உங்கள் புதிய ஒப்பந்தத்தின் முகவரி. இரண்டாவது, பூஜ்யம். மூன்றாவது 845,000,000. டோக்கனுக்கு ஆறு தசம இடம், ஆகவே அது 845 டோக்கன். 1,300 கிலோ, நீங்கள் வைத்த மாதிரி விலை டன்னுக்கு 650, சரியாக 845. கணக்கு சரி. அனுமதிதான் இல்லை.

ஆனால் நீங்கள் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். மாமாவின் சோதனைக் கணக்கில் போன வாரம் அப்ரூவ் செய்த, அதாவது டோக்கனை எடுக்க ஒப்பந்தத்துக்கு அனுமதி கொடுத்த, பரிவர்த்தனையை நான் பார்த்தேன், வெற்றியும் ஆகியிருக்கிறது. பிறகு என்ன? அது பழைய முகவரிக்குக் கொடுத்த அனுமதி. நடுவில் நீங்கள் கழிவுக் கணக்கைத் திருத்தி ஒப்பந்தத்தை மறுபடி ஏற்றினீர்கள். ஒப்பந்தத்தின் முகவரி ஏற்றியவரின் முகவரியிலிருந்தும் அவருடைய பரிவர்த்தனை வரிசை எண்ணிலிருந்தும் பிறக்கிறது. மறுபடி ஏற்றினால் முகவரி புதிது. பெயர் ஒன்றே, கோடும் கிட்டத்தட்ட ஒன்றே, ஆனால் டோக்கனுக்கு அது முன்பின் தெரியாத ஆள். பழைய கிராணி மாறிப் புதியவர் வந்தபோது, பழையவருக்குக் கொடுத்த சாவியைக் காட்டி ஸ்டோரைத் திறக்கச் சொல்வது போல. ரீமிக்ஸில் ஓடியதற்குக் காரணம், அங்கே ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, கையோடு அப்ரூவும் செய்தீர்கள்.

ஆக, உங்கள் கோடில் தப்பில்லை. மாமாவின் கணக்கிலிருந்து புதிய முகவரிக்கு அப்ரூவ் கொடுங்கள், ஓடும். அத்தோடு, பழைய முகவரிக்குக் கொடுத்த அனுமதியைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். சோதனை டோக்கன்தானே என்று விடாதீர்கள், கைப்பழக்கம் இப்போதே வர வேண்டும். மெயின் நெட்டில் பழைய ஒப்பந்தத்துக்குக் கொடுத்த அனுமதியை மறந்ததால் பணத்தை இழந்தவர்கள் நிறையப் பேர். இணையப் பக்கத்தில் இரண்டு திருத்தங்கள் வேண்டும். டோக்கனின் எரர் வரையறைகளையும், ஒப்பந்தத்தில் என்னென்ன உண்டு என்று பக்கத்துக்குச் சொல்லும் இடைமுகக் கோப்பில் சேருங்கள், அப்போது எஃப்பி8 என்று வராமல் பெயரோடு வரும். ஒப்பந்த முகவரியைக் கையால் ஒட்டாமல், ஏற்றும் ஸ்கிரிப்டே ஒரு கோப்பில் எழுதட்டும், பக்கம் அதிலிருந்து படிக்கட்டும்.

நாளை மறுநாள் வேறு வகை தோல்வி வரும், அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மிகவும் கழுத்தறுப்பது, காரணமே இல்லாமல் வெறும் ரிவர்ட் வருவது, பூஜ்ய பைட். அதைப் பார்த்தால் நான் முதலில் நினைப்பது முகவரியைத்தான். அந்த முகவரியில், அந்த வலையில், கோடு இருக்கிறதா? செப்போலியாவின் எண் 11155111, மெயின் நெட்டின் எண் 1. மெட்டாமாஸ்க் ஒரு வலையில் இருந்து முகவரி இன்னொரு வலையுடையதாக இருந்தால் அங்கே வெற்றிடம்தான் இருக்கும். சாலிடிட்டி அழைக்கும் முன் கோடு உண்டா என்று சோதித்து, இல்லையென்றால் வாய் திறக்காமல் ரிவர்ட் செய்யும். கீழ்நிலை "கால்" (call) என்ற வழியில் அழைத்தால் நிலைமை இன்னும் மோசம்: கோடே இல்லாத முகவரியை அழைத்தாலும் வெற்றி என்றே விடை வரும். காரணமில்லா ரிவர்ட்டுக்கு அடுத்த சந்தேகம், பழைய இடைமுகக் கோப்பு. நீங்கள் ஃபங்ஷனின் உள்ளீட்டு வகையை மாற்றியிருப்பீர்கள், பக்கம் பழைய முத்திரையோடு அழைக்கும், ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வாசல் இருக்காது. மூன்றாவது, ஈதர் வாங்கலாம் என்று குறிக்கும் பேயபிள் என்ற சொல்லைப் போடாத ஃபங்ஷனுக்கு ஈதர் சேர்த்து அனுப்புவது.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் தடயத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஃபவுண்ட்ரி என்ற கருவித் தொகுப்பில் காஸ்ட் ரன் என்று அடித்து ஹாஷைக் கொடுத்தால், அந்த பிளாக்கில் உங்களுக்கு முன்னால் இருந்த பரிவர்த்தனைகளையும் ஓட்டி, பிறகு உங்களுடையதை ஓட்டி, எந்த ஒப்பந்தம் எதை அழைத்தது, எங்கே விழுந்தது என்று மரம் போல வரைந்து காட்டும். முன்னால் இருந்தவற்றை ஓட்டுவது முக்கியம். முந்திய பிளாக்கின் நிலையில் மட்டும் வைத்து ஓட்டினால் சில சமயம் வெற்றி ஆகிவிடும், உங்களுக்குத் தலை சுற்றும். இன்னொன்று, கெத் மென்பொருளில் ஓடும் நோடு சாதாரணமாகக் கடைசி 128 பிளாக்குகளின் நிலையை மட்டும்தான் கையில் வைத்திருக்கும். பிளாக்குக்கு 12 விநாடி என்றால் இருபத்தைந்து நிமிடம் சொச்சம். தோற்றது நேற்று என்றால் பழைய நிலைகளையும் வைத்திருக்கும் ஆர்கைவ் நோடு வசதி உள்ள ஆர்பிசி முகவரி (நோடை அழைக்கும் இணைய முகவரி) வேண்டும், இல்லையேல் "நிலை கிடைக்கவில்லை" என்று இன்னொரு எரர் வந்து அதையும் தேடப் போவீர்கள். ஃபவுண்ட்ரியோடு வரும் ஆன்வில்லில் செப்போலியாவை உங்கள் கணினிக்குள் நகல் எடுத்து, மாமாவின் கணக்காக நடித்து, திருத்தத்தை அங்கேயே சோதிப்பதுதான் நான் தினமும் செய்வது. ஈதரும் செலவில்லை, காத்திருப்பும் இல்லை.

தொங்கும் பரிவர்த்தனைக்கு வருகிறேன். ஒவ்வொரு கணக்குக்கும் நான்ஸ் என்ற வரிசை எண் உண்டு. 14 போகாமல் 15 போகாது. உங்கள் 14-ஆம் எண் பரிவர்த்தனையை மிகக் குறைந்த விலைக்கு அனுப்பியிருக்கிறீர்கள், அதன் பிறகு, ஒரு கேஸுக்கு வலை கேட்கும் அடிப்படைக் கட்டணம் ஏறிவிட்டது. ஒவ்வொரு பிளாக்கிலும் அது 12.5 சதவீதம் வரை ஏறலாம். பின்னால் நீங்கள் அழுத்திய மூன்றும் அதன் முதுகுக்குப் பின்னால் நிற்கின்றன. புதிதாக எதையும் அனுப்பாதீர்கள், வரிசைதான் நீளும். அதே 14-ஐ வைத்து, உங்களுக்கே பூஜ்ய ஈதர் அனுப்பும் பரிவர்த்தனையைக் கூடுதல் விலையில் அனுப்புங்கள். உச்ச விலை, முன்னுரிமைக் கட்டணம் இரண்டையும் குறைந்தது 10 சதவீதம் கூட்ட வேண்டும், இல்லையென்றால் நோடு அதை மாற்றாக ஏற்காது. மெட்டாமாஸ்க்கின் ரத்துப் பொத்தான் செய்வதும் இதையேதான். 14 கழிந்ததும் 15, 16, 17 தாமாக ஓடத் தொடங்கும், அவை உங்களுக்கு வேண்டுமா என்று முன்பே முடிவு செய்து, வேண்டாதவற்றையும் இதேபோல் மாற்றிவிடுங்கள். ஹார்ட்ஹாட் என்ற இன்னொரு கருவியில் உள்ளூர் வலையை நிறுத்தித் திரும்பத் தொடங்கும்போது வரும் நான்ஸ் சிக்கல் வேறு. அங்கே வலை பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும், மெட்டாமாஸ்க் பழைய எண்ணை நினைவில் வைத்திருக்கும். அமைப்பில் போய் அந்தக் கணக்கின் நடவடிக்கைத் தரவை அழித்தால் தீர்ந்தது.

தராசு இருக்கும் இடத்தில் லைன் விட்டு விட்டுக் கிடைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் திட்டம் நிஜமாகப் புழங்கினால் அதிகம் வரப்போகும் "தோல்வி" இதுதான், அது தோல்வியே இல்லை. கையெழுத்திட்ட பரிவர்த்தனை வலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும், பதில் வரும்போது லைன் அறுந்துவிடும். பக்கம் தோல்வி என்று காட்டும். லாரிக்காரர் பின்னால் ஹாரன் அடிப்பார், மாமா பதறி மறுபடி அழுத்துவார். தடுப்பு இல்லையென்றால் 845 இரண்டு தடவை போய்விடும். கையெழுத்திட்ட கணத்திலேயே ஹாஷ் பிறந்துவிடுகிறது, அதைக் கைபேசியில் சேமித்துவைத்து, லைன் வந்ததும் அந்த ஹாஷுக்குச் சீட்டு உண்டா என்று பக்கமே கேட்கட்டும். ஒப்பந்தத்தில் சீட்டு எண் ஏற்கெனவே பதிந்ததா என்று பார்க்கும் ரெக்வயரை நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தேன், மிகவும் நல்லது. இரண்டாம் அழுத்தம் அங்கே தோற்கும். அப்போது சிவப்பில் "தோல்வி" என்று காட்டாதீர்கள். "இந்தச் சீட்டுக்குப் பணம் போய்விட்டது" என்று காட்டுங்கள், மாமாவுக்கு அதுதான் வேண்டிய சேதி.

உங்கள் கோடைக் கடைசியில் படித்தேன். நீங்கள் கேட்காத ஒன்று கண்ணில் பட்டது, சொல்லாமல் விட மனசில்லை. இப்போது எடையை விலையால் பெருக்கி 1,000-ஆல் வகுக்கிறீர்கள், சரி. ஆனால் உதிரிப் பழத்துக்கு எழுதிய இன்னொரு ஃபங்ஷனில் முதலில் 1,000-ஆல் வகுத்துவிட்டுப் பிறகு பெருக்குகிறீர்கள். சாலிடிட்டி பின்னத்தை வெட்டி எறிந்துவிடும். 1,300 கிலோவை வகுத்தால் 1, அதை 650-ஆல் பெருக்கினால் 650. 195 டோக்கன் காற்றில் போனது. 900 கிலோ கொண்டு வந்தவருக்கு வெறும் பூஜ்யம். இது தோற்காது தம்பி, பச்சை நிறத்தில் வெற்றி என்று வரும், அதனால்தான் எனக்குப் பயம். எங்கள் அப்பா காலத்தில் சீட்டில் குறைந்தால் பார்த்துக் கேட்க முடிந்தது. ஒப்பந்தம் காட்டும் எண்ணை யார் கேட்பார்கள்? எப்போதும் பெருக்கிவிட்டுப் பிறகு வகுங்கள். 1,300, 900, 1 என்று மூன்று எடைகளைப் போட்டு, கையால் கணக்குப் போட்ட விடையோடு ஒப்பிடும் சோதனையை ஃபவுண்ட்ரியில் எழுதிவையுங்கள்.

மாதக் கடைசியில் பணம் கொடுக்க நீங்கள் எழுதிய ஃபங்ஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேதியை உலாவியிலிருந்து எடுத்து அனுப்புகிறீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் தருவது மில்லிவிநாடி, பிளாக்கின் நேரம் விநாடி. இப்படியே விட்டால் உங்கள் மாதக் கடைசி ஐம்பதாயிரம் ஆண்டு தள்ளி வரும், அதுவரை ரிவர்ட்தான். 1,000-ஆல் வகுத்து முழு எண்ணாக்கி அனுப்புங்கள். அப்புறம், எல்லாத் தோட்டக்காரர்களுக்கும் ஒரே சுழற்சியில் பணம் கொடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பத்துப் பேருக்கு ஓடும், ஆட்கள் பெருகப் பெருக ஒருநாள் கேஸ் வரம்பை முட்டும். அதைவிட மோசம், ஒருவருடைய முகவரியில் கோளாறு இருந்தால் அத்தனை பேர் பணமும் நிற்கும். தோட்டத்தில் சம்பள நாளன்று அவரவர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்குவது போல, ஒப்பந்தம் பாக்கியை மட்டும் குறித்துவைக்கட்டும், அவரவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

முதல் வேலையாக 14-ஐக் கழியுங்கள், பிறகு அப்ரூவ், பிறகு 1,300 கிலோ சீட்டை ஒரு தடவை மட்டும் அனுப்புங்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஹாஷை எனக்கு அனுப்புங்கள். படம் பிடித்து அனுப்ப வேண்டாம், ஹாஷ் போதும்.